காற்றோட்ட இருக்கையின் மின்பழுதைக் கண்டறிதல்

காரில் அமர்ந்திருப்பவரின் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் தேங்கும் வெப்பத்தையும் வியர்வை ஈரத்தையும், மெத்தைக்குள் பொருத்தப்பட்ட சிறு மின்விசிறிகளைக் கொண்டு அகற்றும் அமைப்பே காற்றோட்ட இருக்கை எனப்படுகிறது. 1997 இல் வெளிவந்த சாப் 9-5 காரில் இடம்பெற்ற இந்த வசதி, நீண்ட காலம் விலை உயர்ந்த கார்களோடு நின்றிருந்து, 2017 ஆம் ஆண்டின் ஹூண்டாய் வெர்னா, 2019 ஆம் ஆண்டின் கியா செல்டோஸ் போன்ற கார்களின் உயர்வகைகள் வழியாக இந்திய நடுத்தரக் குடும்பங்களை வந்தடைந்தது. அந்தக் கார்கள் இப்போது உத்தரவாதக் காலத்தைக் கடந்து ஊர்ப் பணிமனைகளுக்கு வரத் தொடங்கியிருப்பதால், இதன் மின்பழுதை முறையாகக் கண்டறியும் அறிவு எலெக்ட்ரீஷியனுக்கும் கார் வைத்திருப்பவருக்கும் ஒருங்கே தேவைப்படுகிறது.

அமைப்பு எளியதுதான் என்றாலும் அது குடியிருக்கும் இடம் கடினமானது. முன்னும் பின்னும் நகரும் இருக்கைக்கு அடியில், நனைந்த செருப்பும் சிந்திய தேநீரும் எலியும் எட்டக்கூடிய உயரத்தில் இதன் வயர்களும் இணைப்பான்களும் கிடக்கின்றன. ஆகவே விசிறி சுழலாத இருக்கைகளில் கணிசமானவற்றில், விசிறி நல்ல நிலையில் இருந்து, அதற்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் பாதையே கெட்டுப்போயிருக்கக் காணலாம். பாதையைச் சோதிக்காமல் விசிறியை மாற்றுவது பணவிரயம்; பாதையைச் சோதிப்பதாக எண்ணிச் சுமையில்லாமல் வோல்ட் அளந்து திருப்தியடைவது அதைவிடப் பெரிய விரயம், ஏனெனில் அந்த அளவு தவறான நம்பிக்கையைத் தந்து தேடலை வேறு திசையில் அனுப்பிவிடுகிறது. இந்த இயலின் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைகிறது.

மின்சாரம் செல்லும் வழி

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம், மின்னோட்டம் அளவுமீறினால் உருகி அறுந்துபோகும் பியூஸின் வழியாகவும், சில கார்களில் இக்னிஷன் போட்டபின் மட்டும் இணைப்பு கொடுக்கும் ரிலேயின் வழியாகவும் வந்து, இருக்கைக்கு அடியில் அல்லது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மாட்யூலை அடைகிறது. நடுக்கன்சோலிலோ கதவிலோ உள்ள ஸ்விட்சை அழுத்துவது விசிறிக்கு நேராக மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை. அது மாட்யூலுக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது, மாட்யூலே விசிறிகளை எந்த வேகத்தில் ஓட்டுவதென்று முடிவுசெய்கிறது. பெரும்பாலும் மெத்தைக்கு ஒன்றும் சாய்மானத்துக்கு ஒன்றுமாக இரண்டு விசிறிகள் இருக்கும். ஓட்டத்தை முடித்த மின்சாரம், மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்று அழைக்கும் இடத்தில், அதாவது எர்த் வயர் காரின் இரும்புத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்ட இடத்தில், பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது.

விசிறிக்குச் செல்லும் வயர்களின் எண்ணிக்கை அமைப்பின் வகையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு வயர் மட்டும் இருந்தால் மாட்யூல் தான் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றுகிறது என்று கொள்ளலாம். நான்கு வயர் இருந்தால், அவற்றுள் இரண்டு மின்சாரத்துக்கும் எர்த்துக்கும், மூன்றாவது வேகக் கட்டளைக்கும், நான்காவது விசிறி தன் சுழற்சியை மாட்யூலுக்குத் திருப்பிச் சொல்வதற்கும் பயன்படுவது வழக்கம். மூன்று வயர் உள்ள விசிறிகள் சிலவற்றில் மூன்றாவது வயர் ‘லின்’ என்னும் ஒற்றைக் கம்பித் தகவல் இணைப்பாக இருக்கும். எந்த வயர் எதற்கென்பது காருக்குக் கார் மாறுவதால், குறிப்பிட்ட காருக்குரிய வயரிங் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அளவெடுக்கத் தொடங்கக் கூடாது. வயரின் நிறத்தை வைத்து ஊகிப்பது மாட்யூலை எரித்துவிடும்.

பழுதுதானா என்று உறுதிசெய்தல்

வெறும் விசிறி மட்டும் உள்ள இருக்கை காற்றைக் குளிர்விப்பதில்லை. கார் அறையில் இருக்கும் காற்றையே அது மெத்தையின் நுண்துளைகள் வழியாக வெளியே தள்ளுகிறது அல்லது உள்ளே இழுக்கிறது. வியர்வை ஆவியாவதால் குளிர்ச்சி தோன்றுகிறது. கத்திரி வெயிலில் நின்ற காரில் ஏறி உடனே ஸ்விட்சை அழுத்துபவருக்கு ஏசி அறையைக் குளிர்விக்கும் வரை அனல்காற்றே கிடைக்கும், அதைப் பழுதென்று சொல்ல முடியாது. உள்ளிழுக்கும் வகையில் உடலில் காற்று படுவதாகவே தோன்றாது என்பதால், அவ்வகை இருக்கைகள் மீது வரும் புகார்கள் இன்னும் அதிகம். ஒற்றை அடுக்கு டிஷ்யூ தாளை நுண்துளைகளின் மேல் விரித்து, ஸ்விட்சை உச்ச வேகத்தில் வைத்தால், தாள் ஒட்டிக்கொள்வதையோ துடித்து எழும்புவதையோ கொண்டு காற்றோட்டம் உண்டா இல்லையா என்பதைச் சந்தேகமின்றி அறியலாம்.

சில கார்களில் என்ஜின் ஓடினால்தான் இவ்வசதி இயங்கும். பாட்டரியின் மின்னழுத்தம் தாழ்ந்தால் வசதிக்கான சுமைகளைத் தாமாகவே நிறுத்திவிடும் கார்களும் உண்டு. ஆள் அமராத பக்கத்து இருக்கையை இயக்க மறுப்பவையும் உண்டு. காரோடு வந்த உரிமையாளர் கையேட்டில் இந்த நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். என்ஜின் நின்றிருக்கும்போது பாட்டரி முனைகளில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வரையிலும் இருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம். பாட்டரியே நலிந்திருக்கும்போது இருக்கையைக் கழற்றுவது வீண் வேலை.

துளையில்லாத ரெக்சின் உறையைக் கடையில் தைத்துப் போட்டுவிட்டுக் காற்று வரவில்லை என்று வருந்துவோர் பலர். உறை காற்றின் வழியை அடைப்பதோடு, இருக்கையின் பக்கவாட்டில் உள்ள ஏர்பேக் விரிவதற்கும் இடையூறாகலாம் என்பதால், அத்தகைய உறையைக் கழற்றச் சொல்வதே சரியான ஆலோசனை.

அறிகுறி எதைச் சுட்டுகிறது

இருக்கையைக் கழற்றும் முன்பே, அறிகுறிகளைக் கவனித்துப் பழுதின் எல்லையைச் சுருக்கிவிட முடியும். ஓட்டுநர் இருக்கை, பக்கத்து இருக்கை இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், இரண்டுக்கும் பொதுவான பியூஸ், ரிலே, மாட்யூலுக்கு வரும் மின்சாரம், பொது எர்த் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். இரண்டு விசிறிகள் ஒரே நாளில் சாவது அரிது. ஒரு இருக்கை மட்டும் நின்றிருந்தால் அந்த இருக்கையின் இணைப்பானிலிருந்து தொடங்கலாம். மெத்தையில் காற்று வந்து சாய்மானத்தில் மட்டும் வராவிட்டால், சாய்மானம் மடங்கும் கீல் அருகே வளைந்து வளைந்து வயர் உள்ளே அறுந்திருக்கும் வாய்ப்பையும் சாய்மான விசிறியையும் பார்க்க வேண்டும். இருக்கையை முன்னே தள்ளினால் ஓடி, பின்னே தள்ளினால் நிற்கும் பழுது ஏறக்குறைய எப்போதும் வயரில்தான் இருக்கிறது.

ஸ்விட்சின் சிறுவிளக்கு சொல்லும் செய்தி பலரால் கவனிக்கப்படுவதில்லை. விளக்கே எரியாவிட்டால் ஸ்விட்சுக்கு மின்சாரம் இல்லை, அல்லது ஸ்விட்சின் வேண்டுகோள் மாட்யூலை எட்டவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, காற்று மட்டும் வராவிட்டால் மாட்யூல் விசிறியின் நிலையைக் கண்காணிக்காத வகையாக இருக்கலாம். அப்போது விசிறியும் அதன் வயரும் சந்தேகத்துக்குரியவை. விளக்கு எரிந்து சில விநாடிகளில் தானாக அணைந்தால், மாட்யூல் விசிறியை ஓட்டிப் பார்த்து, மின்னோட்டமோ சுழற்சிச் செய்தியோ எதிர்பார்த்தபடி வராததால் பாதுகாப்பாக நிறுத்திக்கொண்டது என்று பொருள். இந்த மூன்றாவது நிலையில் மாட்யூல் பிழைக்குறியீட்டைப் பதிந்துவைத்திருக்கும்.

குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் காரின் உடற்பகுதி மாட்யூல்களோடு பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் என்ஜின் தொடர்பான, ‘P’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடுகளை மட்டுமே காட்டி, இருக்கையைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். அதை நம்பிப் பழுதில்லை என்று முடிவுசெய்வது பிழை. தகுந்த ஸ்கேனரில், விசிறியை ஸ்விட்சின் துணையின்றி நேரடியாக இயக்கிப் பார்க்கும் சோதனையும் கிடைக்கும். அந்தக் கட்டளைக்கு விசிறி ஓடினால் மாட்யூலுக்கு அப்பால் உள்ள அனைத்தும் நலமென்றும், ஸ்விட்சின் பக்கமே பழுதென்றும் ஒரே அடியில் தெரிந்துவிடும்.

மஞ்சள் இணைப்பானும் உயிர்ப்பாதுகாப்பும்

இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் காணப்படும் இணைப்பானும் வயரும் ஏர்பேக்குக்கோ சீட்பெல்ட்டை இழுத்து இறுக்கும் வெடியூட்டிய கருவிக்கோ உரியவை. அவற்றில் மல்டிமீட்டரின் முனையை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. தடையை அளக்க மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமும் அங்கே ஆபத்தானது. வேலையைத் தொடங்கும் முன் இக்னிஷனை அணைத்து, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, ஏர்பேக் மாட்யூலில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்குச் சேவைக் கையேடு குறிப்பிடும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால் கையேட்டைப் பார்ப்பதே முறை. மஞ்சள் இணைப்பான் கழன்ற நிலையில் இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு பற்றிக்கொண்டு, பல கார்களில் ஸ்கேனர் கொண்டு அழிக்கும்வரை அணையாது.

மோட்டாரால் நகரும் இருக்கையாக இருந்தால், பாட்டரியைக் கழற்றும் முன்பே இருக்கையை முழுதும் முன்னே நகர்த்திப் பின்போல்ட்டுகளையும், முழுதும் பின்னே நகர்த்தி முன்போல்ட்டுகளையும் தளர்த்திக்கொள்வது நல்லது. முதலில் பாட்டரியைக் கழற்றிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் மறைந்த போல்ட்டை எட்ட முடியாமல் நிற்க நேர்வது பணிமனைகளில் அடிக்கடி நடப்பது. எல்லாச் சோதனைக்கும் இருக்கையை வெளியே எடுக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றி இருக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தாலே பெரும்பாலான இணைப்பான்கள் கைக்கு எட்டும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

மீட்டரை எடுக்கும் முன் கைவிளக்கை எடுக்க வேண்டும். தண்டவாளத்தில் நசுங்கிய வயர், கீழே உருண்டு போன தண்ணீர் பாட்டில் அல்லது குடை அழுத்திப் பிதுக்கிய இணைப்பான், எலி கடித்துச் செம்பு தெரியும் இடம், விசிறியின் இதழ்களில் சிக்கிய தலைமுடி, நூல், கடலைத்தோல் ஆகியவை கண்ணுக்கே அகப்பட்டுவிடும். குழந்தைகள் தின்பண்டம் சிந்தும் கார்களில் எலித்தொல்லை இருக்கைக்கு அடியில் தொடங்குவதைப் பார்க்கலாம். ஒரு வயரைக் கடித்த எலி அதே கட்டில் உள்ள மற்ற வயர்களையும் கடித்திருக்கும் என்பதால், கட்டைச் சுற்றிய டேப்பைப் பிரித்து இரு பக்கமும் பார்க்காமல் விடக் கூடாது. காரின் தரையை மூடும் 7டி மேட் போடுவதற்காக இருக்கைகளைக் கழற்றி மாட்டிய வரலாறு உண்டா என்று உரிமையாளரைக் கேட்பதும் அவசியம். பூட்டுநாக்கு ‘க்ளிக்’ என்று விழாமல் பாதி செருகிய இணைப்பான், சில வாரங்கள் வேலை செய்துவிட்டுக் குண்டும் குழியுமான சாலையில் ஒருநாள் விட்டுப்போகும்.

மெக்கானிக்குகள் ‘கப்ளர்’ என்று அழைக்கும் இந்த இணைப்பானைப் பிரித்து உள்ளே பார்ப்பது தனிக்கவனம் பெற வேண்டிய வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையிலும் சென்னையில் நீரில் நின்ற கார்களைப் போல, தரைவிரிப்பு வரை நீர் ஏறிய கார்களில், மேற்பரப்பு காய்ந்து பல மாதம் கழிந்த பிறகும் கப்ளரின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வெள்ளம் காணாத காரிலும், ஏசியின் நீர்வடிகுழாய் அடைபட்டு, பக்கத்து இருக்கைப் பக்கம் விரிப்புக்கு அடியில் சத்தமின்றி நீர் சேர்ந்துகொண்டிருக்கலாம். விரிப்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரியும். வயரின் மேலுறை நன்றாக இருந்தும், கப்ளருக்கு அருகே அதை வளைத்தால் மொடமொடவென்று இருக்குமாயின், நீர் உறைக்குள் ஏறிச் செம்பிழைகளைக் கருக்கியிருக்கிறது. அந்த வயரைப் பளபளக்கும் செம்பு கிடைக்கும் தூரம்வரை வெட்டி நீக்க வேண்டும்.

சுமையோடு அளத்தல்

இப்போது இயலின் மையப்பொருளுக்கு வரலாம். விசிறியின் கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரின் முனைகளை வயர்ப்பக்க ஊசிகளில் வைத்து 12 வோல்ட் காட்டுவதைக் கண்டவுடன் ‘கரண்ட் வருகிறது, விசிறி போய்விட்டது’ என்று சொல்வதே பரவலான வழக்கம். இந்த முடிவு ஏன் பொய்யாகக்கூடும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். விசிறி 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால் அதை ஏறக்குறைய 12 ஓம் தடையாகக் கருதலாம். உண்மையில் அதற்குள் மின்னணுச் சுற்று இருப்பதால் இது தோராயமே. களிம்பேறிய ஒரு கப்ளர் ஊசி 4 ஓம் தடையைக் கொடுத்தால், மொத்தத் தடை 16 ஓம் ஆகி, மின்னோட்டம் 0.75 ஆம்பியராகக் குறைந்து, விசிறிக்கு 9 வோல்ட்டே எஞ்சும். மீதி 3 வோல்ட் களிம்பிலேயே வெப்பமாகிவிடும். ஆனால் விசிறியைக் கழற்றிவிட்டு அளக்கும் மல்டிமீட்டரின் உட்தடை பொதுவாக 1 கோடி ஓம். அதன் முன்னால் 4 ஓம் என்பது இல்லாததற்குச் சமம் என்பதால் மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். பதினாறு இழைகளில் பதினைந்து அறுந்து ஒரே இழை தொங்கும் வயரும் இதே 12 வோல்ட்டைத்தான் காட்டும். மின்னோட்டம் ஓடாத இடத்தில் தடை தன்னை வெளிப்படுத்துவதில்லை.

ஆகவே மஞ்சள் இணைப்பான்கள் பூட்டியிருப்பதை உறுதிசெய்து, பாட்டரியை மீண்டும் இணைத்து, மின்சார வயரும் எர்த் வயரும் சுமையைத் தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இண்டிகேட்டரில் பயன்படும் 21 வாட் பல்பை ஹோல்டரோடு இரண்டு வயர் இணைத்து வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும் அந்தப் பல்பே நல்ல சுமையாகிவிடும். மாட்யூலுக்கோ நான்கு வயர் விசிறிக்கோ நேராக வரும் மின்சார ஊசிக்கும் எர்த் ஊசிக்கும் இடையே அதை மாட்டினால், பாட்டரியில் நேரடியாக மாட்டியது போன்றே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் பாதையில் தடை இருக்கிறது. பல்பின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனைக்கு மாற்றியும், பிறகு மறுமுனையை எதிர்முனைக்கு மாற்றியும் பார்த்தால், தடை எர்த் பக்கமா மின்சாரப் பக்கமா என்பது பிரிந்துவிடும். இந்தப் பல்பை வேகக் கட்டளை வயரிலோ லின் வயரிலோ மாட்யூலிலிருந்து விசிறிக்குச் செல்லும் வெளியீட்டிலோ ஒருபோதும் மாட்டக் கூடாது. அவற்றை இயக்கும் சிறு டிரான்சிஸ்டர்கள் அவ்வளவு மின்னோட்டத்துக்கு ஆனவை அல்ல. பல்பு எரியும் முன்பே மாட்யூல் எரிந்துவிடலாம்.

இதைவிட நுட்பமானது மின்னழுத்த வீழ்ச்சியை அளக்கும் முறை. எல்லாக் கப்ளர்களையும் மாட்டியபடியே, விசிறி ஓட வேண்டிய கட்டளையைக் கொடுத்துவிட்டு, கப்ளரின் பின்புறமாக வயர் நுழையும் துளை வழியே மெல்லிய ஊசிமுனையைச் செலுத்தி அளக்க வேண்டும். வயரின் மேலுறையைக் குத்தினால் அந்தத் துளையே நாளைய களிம்புக்கு வாசலாகும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை விசிறியின் எர்த் ஊசியிலும் வைத்தால், நல்ல எர்த்தில் 0.1 வோல்ட்டை ஒட்டியே காட்டும், 0.2 ஐத் தாண்டினால் சந்தேகிக்கலாம், அரை வோல்ட்டைத் தாண்டினால் பழுதென்றே கொள்ளலாம். அப்போது மீட்டரின் முனையை விசிறியிலிருந்து கப்ளருக்கும், கப்ளரிலிருந்து எர்த் போல்ட்டுக்கும் படிப்படியாக நகர்த்தினால், எந்த இடத்தைக் கடக்கும்போது அளவு திடீரென்று இறங்குகிறதோ அங்கே தடை இருக்கிறது. மின்சாரப் பக்கத்தையும் இவ்வாறே நேர்முனையிலிருந்து அளக்கலாம்.

ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக் கூடாது. விசிறியே உள்ளுக்குள் அறுந்துபோயிருந்தால் மின்னோட்டமே இராது. மின்னோட்டம் இல்லையேல் வீழ்ச்சியும் இராது. கெட்டுப்போன பாதைகூட நல்ல பாதையைப் போல் காட்டும். எனவே வீழ்ச்சி சுழியம் என்று கண்டதும், விசிறியின் சொந்த ஊசிகளுக்கு இடையிலான அளவையும் பார்க்க வேண்டும். கப்ளர் மாட்டிய நிலையில் முழு மின்னழுத்தமும் விசிறியின் ஊசிகளில் நின்று, வேகக் கட்டளையும் சரியாக வந்து, இதழ்கள் விரலால் தள்ளினால் தடையின்றிச் சுழலக்கூடியவையாக இருந்தும் விசிறி ஓடாவிட்டால், முதலில் 21 வாட் பல்பால் பாதையின் வலுவை உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகு விசிறி இறந்தது என்று தீர்ப்பளிக்கலாம்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகும்போது

ஒருமுறை போன பியூஸை அதே அளவுள்ள புதியதால் மாற்றலாம். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர் என்பது தகட்டு பியூஸ்களின் பொது நிறமுறை. இரண்டாம் முறையும் போனால், பெரும்பாலும் எங்கோ மின்சார வயர் காரின் இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. பெரிய பியூஸைப் போட்டால் பியூஸுக்குப் பதிலாக வயர் உருகும், அதுவும் பஞ்சு மெத்தைக்கு அடியில் உருகும். பியூஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக எரிப்பதற்கு மாறாக, பியூஸ் இருந்த இரு நாக்குகளிலும் அதே 21 வாட் பல்பை இணைப்பதே சிறந்த வழி. ஷார்ட் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் பல்பு மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்திவிடும். பல்பு முழு ஒளியோடு எரிந்தால் ஷார்ட் நீடிக்கிறது. அப்படியே விட்டுவிட்டு இருக்கையின் முதன்மைக் கப்ளரைப் பிரிக்க வேண்டும். ஒளி அடங்கினால் ஷார்ட் இருக்கைக்குள் இருக்கிறது, அடங்காவிட்டால் தரைவிரிப்புக்கு அடியில் உள்ள வயரில் இருக்கிறது. கப்ளரை மீண்டும் மாட்டி இருக்கையை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி, சாய்மானத்தையும் சாய்த்து நிமிர்த்தினால், எந்த நிலையில் பல்பு மின்னுகிறதோ அந்த நிலையில் எந்த வயர் எந்த விளிம்பில் உரசுகிறது என்று பார்த்தால் போதும். விசிறியின் இயல்பான ஓட்டத்திலும் பல்பு மங்கலாக எரியும். அதை ஷார்ட் என்று கொள்ள வேண்டாம்.

கட்டளை வயரின் மொழி

நான்கு வயர் விசிறிக்கு வேகம் சொல்லப்படுவது துடிப்புகளால். மின்னழுத்தத்தை ஒரு விநாடிக்குள் மிகப் பலமுறை போட்டு அணைத்து, போட்டிருக்கும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைத்துச் செய்தி சொல்லும் இம்முறையை எலெக்ட்ரீஷியன்கள் ‘பி.டபிள்யூ.எம்.’ என்று வழங்குகின்றனர். மல்டிமீட்டர் இத்துடிப்புகளின் சராசரியையே காட்டுமாதலால், 12 வோல்ட் துடிப்பு பாதிநேரம் போடப்பட்டிருந்தால் 6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். மூன்று வேகங்களுக்கும் ஸ்விட்சை மாற்றும்போது இந்த அளவு மூன்று படிகளாக மாறினால் மாட்யூல் பேசுகிறது என்று அறியலாம். எந்தப் படிக்கு எத்தனை வோல்ட் என்பது காரைப் பொறுத்தது. அதை அறியக் கையேட்டைவிட எளிதான வழி, அதே காரில் சரியாக ஓடும் பக்கத்து இருக்கையின் அதே வயரை அளந்து ஒப்பிடுவது.

சுழற்சியைத் திருப்பிச் சொல்லும் நான்காவது வயர் அறுந்தால் விளைவு விசித்திரமாக இருக்கும். விசிறி சில விநாடி நன்றாக ஓடும். மாட்யூலோ அது ஓடுவதாக அறியாமல் நிறுத்திவிடும். இத்தகைய காரில் புது விசிறியை மாட்டினாலும் அதே சில விநாடிதான் ஓடும்.

லின் வயரில், யாரும் பேசாதபோது பாட்டரியின் மின்னழுத்தத்தை ஒட்டிய அளவு நிற்கும். பேச்சு நடக்கும்போது சராசரி சற்றுத் தாழ்ந்து நடுங்கும். சுழியத்தில் கிடந்தால் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது அதில் இணைந்த கருவிகளுள் ஒன்று உள்ளே கெட்டு வயரைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எது கழன்றதும் அளவு எழும்புகிறது என்று பார்த்தால் குற்றவாளி பிடிபடும். ஸ்விட்ச் அழுத்தப்பட்டும் அளவு அசையாமல் முழு மின்னழுத்தத்தில் நின்றால் தலைமை மாட்யூல் பேசவில்லை; அதன் மின்சாரமும் எர்த்தும் சோதிக்கப்படும் வரை மாட்யூலைக் குறைகூறக் கூடாது.

விசிறியைத் தனியே சோதித்தல்

இவ்விசிறிகள் பெரும்பாலும் கரித்துண்டு இல்லாத மின்னணு மோட்டார்கள் என்பதால், ஓம் அளந்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. நேர், எதிர் மாற்றிக் கொடுத்தால் உள்சுற்று கெடவும் கூடும். இரண்டு வயர் விசிறிக்கு, 3 ஆம்பியர் பியூஸ் சேர்த்த வயரால், வரைபடத்தின்படி முனை மாறாமல், பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். இடது, வலது இருக்கைகளின் விசிறிகள் ஒரே பாக எண் உடையனவாக இருந்தால் அவற்றை மாற்றி மாட்டிப் பார்ப்பது எல்லாவற்றிலும் நம்பகமானது. பழுது விசிறியோடு மறுபக்கம் போனால் விசிறி. அதே பக்கம் தங்கினால் பாதை. சில உயர்விலைக் கார்களில் விசிறியோடு, மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடும் இருக்கும். அவற்றில் வெப்ப உணரியின் பழுதும் இயக்கத்தை நிறுத்தக்கூடும் என்பதால் கையேட்டின் தனிச்சோதனைகளைப் பின்பற்ற வேண்டும்.

பழுதை நீக்கியபின்

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது நகரும் இருக்கைக்கு உதவாது. சரியான அளவு கிரிம்ப் இணைப்பைப் போட்டு, ஒட்டுப்பசை உள்ள சுருங்குகுழாயைச் சூடேற்றி மூடி, இருக்கை கடைசிவரை நகர்ந்தாலும் இழுபடாத அளவுக்கு வயருக்குத் தளர்வு விட்டு, பழைய பிடிப்பான்களிலேயே கட்ட வேண்டும். களிம்பேறிய ஊசியை உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சும் சேர்ந்து போய்விடும். மின்தொடர்பு சுத்திகரிப்பானால் கழுவியும் களிம்பு போகாவிட்டால் ஊசியையே மாற்றுவது நல்லது. பெண்முனை தளர்ந்திருந்தால், அதே அளவுள்ள ஊசியைச் செருகி இழுத்துப் பார்க்கையில் பிடிப்பு இல்லாமல் வழுக்கும். கழுவுவதால் அது சரியாகாது.

இருக்கையின் போல்ட்டுகளைக் கையேடு கூறும் முறுக்குவிசையில் இறுக்கி, மஞ்சள் கப்ளர்கள் பூட்டப்பட்டதை உறுதிசெய்து, பாட்டரியை இணைத்து, ஏர்பேக் விளக்கு அணைவதைக் கண்ட பின்னரே காரை நகர்த்தலாம். மூன்று வேகங்களிலும், இருக்கையின் இரு கடைசி நிலைகளிலும், சாய்மானம் சாய்ந்தும் நிமிர்ந்தும் இருக்கும்போது டிஷ்யூ தாள் சோதனையை மீண்டும் செய்து, பிழைக்குறியீட்டை அழித்து, கார் சிறிது தூரம் ஓடியபின் அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். காரின் உரிமையாளருக்கு ஒரு வேண்டுகோள்: விசிறியையோ மாட்யூலையோ மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், விலையைக் கேட்கும் முன், சுமையோடு எடுத்த மின்னழுத்த அளவையும் எர்த்தின் வீழ்ச்சி அளவையும் எழுதித் தரும்படி கேளுங்கள், அந்த இரண்டு எண்களும் இல்லாமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.